வடகிழக்குப் பார்த்த கொக்கு

அனுஷியாவின் வாய்ச்சொல்லின் விலை முப்பத்தெட்டு இலட்சம் ரூபா.

இரத்தினபுரிக் கடைவீதியில் வாய்ச்சொல்லுக்கு விலை போடும் வழக்கம் கிடையாது. கல்லுக்கு விலை உண்டு. கல் கிடக்கலாம் என்று சந்தேகப்படும் குழிக்கு உண்டு. குழி தோண்டப் போகிறவனின் இராசிக்குக்கூட உண்டு. ஆனால் "இது ஓடும் மொதலாளி, வாங்குங்க" என்று ஒரு பெண்பிள்ளை சொன்ன நாலு சொல்லை நம்பி, தங்கையா முதலாளி தன் ஹார்ட்வெயார் கடையை வங்கியில் ஈடு வைத்து, கட்டுநாயக்கப் பக்கம் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து பழைய மெஷின் ஒன்றை லொறியில் ஏற்றி வந்தாரே, அன்றைக்கு அந்தச் சொல்லுக்கும் விலை விழுந்துவிட்டது.

விழுந்த விலை நின்றபாடில்லை. மாவனல்லையிலிருந்து நஜீப் நானா வருவார். பழைய மெஷின் வாங்கி விற்பது அவர் தொழில். வந்தால் மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார், பிளேன்டீ குடிப்பார், ஒரு விலை சொல்வார். முதல் தடவை முப்பது இலட்சம். அடுத்த தடவை இருபத்தைந்து. இந்த வியாழக்கிழமை பத்தொன்பதில் வந்து நின்றார்.

"நான் மெஷின கொற செல்லல்ல மொதலாளி," என்றார். "நல்ல மெஷின். ஆனா நடுங்குது. நடுங்குற கைக்கி யாரு சல்லி குடுப்பாங்க?"

முதலாளி அனுஷியாவைப் பார்த்தார். அனுஷியா மெஷினைப் பார்த்தாள். மெஷினுக்குப் பார்ப்பதற்கு ஆளில்லை.

அந்த மெஷினுக்குப் பட்டறையில் 'கொக்கு' என்று பெயர். இரும்புக் கட்டில் மாதிரி ஓர் உடம்பு. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு கை. கையின் நுனியில் காற்றை உறிஞ்சும் ஓர் அலகு. பக்கத்தில் சக்கரம் சக்கரமாக நாடாக்கள் தொங்கும். நாடாவில் எள்ளைவிடச் சின்னச் சின்னச் சாமான்கள் ஒட்டியிருக்கும். அலகு குனிந்து ஒன்றை உறிஞ்சி எடுக்கும், பறக்கும், பச்சைப் பலகையில் பூசிய ஈயப் பசையின்மேல் வைக்கும், திரும்பி வரும். ஒரு பலகைக்கு நூற்றிருபது சாமான். வைத்து முடிந்ததும் பலகை சூளைக்குள் போய் வெந்து வெளியே வந்தால், தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கிற மின் தராசுக்கு மூளை தயார்.

பெயர் வைத்தவள் பிரேமலதா. பன்னிரண்டு வருஷம் கொழுந்து பறித்துவிட்டு, இப்போது கொக்குக்கு நாடா மாட்டுகிறாள். "எங் கொழுந்த எத்தன வருஷம் கம்மியா நிறுத்தானுங்க. இனி தராசோட மூளைய நான்ல செய்யிறன்! எவன் கைய வைக்கிறான்னு பாப்பம்," என்று சொல்லிக்கொண்டேதான் அவள் நாளைத் தொடங்குவாள்.

தொடங்கும் நாள் இன்னும் எத்தனை என்பதுதான் இப்போது கேள்வி. தராசுக் கம்பனி ஓடர் தருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது: ஒரு மணித்தியாலத்தில் நாற்பது பலகை, நாற்பதிலும் ஒரு சாமான்கூடக் கோணல் இருக்கக் கூடாது. சோதித்துப் பார்க்கச் சனிக்கிழமை காலை ஆள் வருகிறது. கொக்கை மெதுவாக ஓட்டினால் எல்லாம் நேராக நிற்கும், ஆனால் மணிக்கு இருபத்திரண்டுதான் தேறும். வேகமாக ஓட்டினால் நாற்பது தேறும், சாமான்கள் பந்தி முடிந்த கல்யாண மண்டபத்துக் கதிரைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி நிற்கும். ஓடர் கை நழுவினால் கொக்கு நஜீப் நானாவின் லொறியில் ஏறும். அதோடு நாலு பெண்களின் வேலையும் ஏறும். அதைவிட, இனி இந்தக் கடைவீதியில் அனுஷியா 'ஓடும்' என்று சொன்னால் ஒரு தண்ணீர்ப் பம்பைக்கூட எவனும் வாங்கமாட்டான். பியகமத் தொழிற்பேட்டையில் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவள் அவள். வந்த வழியே திரும்பிப் போனால் பஸ்காரன்கூட மேலும் கீழும் பார்ப்பான்.

அவள் சும்மா இருக்கவில்லை. கொக்கின் பழைய மூளை கட்டுநாயக்கவிலேயே செத்துப்போயிருந்தது. புது மூளையை வைத்து, கை எப்படி ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று புரோகிராம் எழுதியவளே அவள்தான். நடுக்கம் தெரிந்ததும் பெல்ட்டை இறுக்கினாள். தண்டவாளத்துக்கு எண்ணெய் விட்டாள். கை வெடுக்கென்று கிளம்பி வெடுக்கென்று நிற்பதை மாற்றி, மலைப்பாதையில் நல்ல டிரைவர் பஸ் எடுக்கிற மாதிரி மெல்ல எடுத்து மெல்ல நிறுத்தினாள். கொஞ்சம் குறைந்தது. போகவில்லை. கை நின்ற பிறகும் கொக்கு 'ம்ம், ம்ம்' என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது, கடன் கேட்க வந்தவனின் கதையைக் கேட்கிற முதலாளி மாதிரி.

அந்த வியாழக்கிழமை, நஜீப் நானா பத்தொன்பது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அனுஷியா அவர் கையிலிருந்த பிளேன்டீக் கிளாஸை மரியாதையாக வாங்கிக்கொண்டாள்.

"இரவல்தான் நானா. தந்துர்றன்."

இன்னும் மூன்று கிளாஸ் பிளேன்டீ ஊற்றி வரச் சொல்லி, மெஷினின் நாலு மூலையிலும் ஒவ்வொன்றாக வைத்தாள். கொக்கை முழு வேகத்தில் விட்டாள். முதல் மூன்று மூலையிலும் தேநீர் லேசாகச் சிலிர்த்தது. நாலாவது மூலையில் துள்ளிக் குதித்துத் தரையில் வழிந்தது.

"அது ஏன்ட டீ," என்றார் நஜீப் நானா, துக்கத்தோடு.

அனுஷியா குனிந்து அந்த மூலையின் காலடியில் கிடந்த தரைவிரிப்பைக் கிழித்தாள். உள்ளே சீமெந்துத் தரையில் வட்டமாக ஒரு தழும்பு. பழைய தரை ஒரு நிறம், வட்டத்துக்குள் வேறு நிறம். மெஷினின் மூன்று கால் பழைய தரையில். நாலாவது கால் வட்டத்துக்குள்.

இரத்தினபுரியில் தரையில் வட்டத் தழும்பு இருந்தால் விளக்கம் கேட்கத் தேவையில்லை. இந்த ஊரில் கக்கூசுக்குக் குழி வெட்டுகிறவனும் கல் கிடக்கிறதா என்று ஒரு கண் வைத்துத்தான் வெட்டுவான். கட்டடத்தின் சொந்தக்காரர், பெரிய மாத்தயா, ஒருகாலத்தில் தன் வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே இரகசியமாகக் குழி இறக்கிப் பார்த்தவர். கல் கிடைத்ததோ இல்லையோ, மண்ணைப் போட்டு மூடி, மேலே நாலு விரல் சீமெந்து பூசி, பட்டறைக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

"சரி, கால் ஏன் அங்க போச்சி?" என்றாள் பிரேமலதா. "மத்தப் பக்கம் பூரா நல்ல தரை சும்மாதானே கெடக்குது?"

எல்லோரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

நடந்தது இதுதான். கொக்கு வந்து இறங்கிய அன்று, பெரிய மாத்தயா நெகத் என்கிற சுபநேரம் பார்த்து ஒரு கடுதாசி கொண்டுவந்தார்: ஒன்பது பதினேழுக்கு, வடக்குப் பார்த்து. முதலாளியின் சோதிடர் அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்: அதே நேரம், ஆனால் கிழக்குப் பார்த்து. மாத்தயா சொல்லைத் தட்டினால் வாடகை ஏறும். சோதிடர் சொல்லைத் தட்டினால் வீட்டில் அம்மா சோறு போடமாட்டார். முப்பது வருஷம் கடை நடத்திய மனுஷன் கிரகங்களோடும் பேரம்தானே பேசுவார்? நடுவில் முறித்தார். மெஷினைச் சாய்வாகத் திருப்பி வடகிழக்குப் பார்த்து வைத்தார். இரு தரப்புக்கும் திருப்தி. கொக்கின் ஒரு கால் மட்டும் குழிக்குள்.

"ரெண்டு பேரையும் பகைக்க ஏலாதுல்ல," என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் பாதிப் பாதியா வந்துருக்கு மொதலாளி," என்றாள் பிரேமலதா.

நஜீப் நானா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, சட்டைப் பையிலிருந்து பணக்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். அட்வான்ஸ். "குழியில நிக்கிற மெஷின் மொதலாளி. இனி என்னத்த பேச? நாளைக்கி லொறி எடுத்துட்டு வாறன்."

மெஷினைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம் என்றால் கிரேன் வேண்டும், புதுச் சீமெந்து போட வேண்டும், அது இறுக வாரக் கணக்காகும். சனிக்கிழமை வாரக் கணக்கில் இல்லை, நாளை மறுநாள். முதலாளியின் கை மெல்லக் கட்டை நோக்கி நகர்ந்தது.

அனுஷியா அவசர அவசரமாகப் போனை எடுத்தாள். அதில் அதிர்வு அளக்கிற ஒரு செயலி இருந்தது. போனைக் கொக்கின் நாலாவது மூலையில் வைத்து, கையை ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்தினாள். திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாக ஆடி மெல்ல அடங்கியது. செக்கனுக்கு எட்டு ஆட்டம். திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் எட்டு. நடுக்கம் ஒழுங்கு கெட்டதாக இருந்தால் அவள் அங்கேயே கையை விரித்திருப்பாள். இது ஒழுங்கான நடுக்கம். ஒழுங்காக ஆடுகிறவனை நிறுத்தலாம். கொழும்பில் டிப்ளோமா படித்தபோது ஒரு விரிவுரை நடந்தது, பாதி வகுப்பு தூங்கியது, அவள் தூங்கவில்லை.

"மொதலாளி, ஒரு கேள்வி. நானாகிட்ட வெல பேசுறப்ப, எறக்க வேண்டியத ஒரேயடியா எறக்கிருவீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? ஒரேயடியா எறக்குனா, இன்னும் எறக்கு, இன்னும் எறக்குன்னு அந்தாளு ஆட்டத்த நிறுத்தவே மாட்டாரு."

"பொறகு?"

"பாதிய எறக்கணும். எறக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். அவரு அந்தப் பக்கமாத் தலைய ஆட்டுவாரு. ஆட்டி முடிச்சி இந்தப் பக்கம் திரும்புற நேரம் பாத்து மிச்சத்தப் போடணும். ஆட்டம் அப்பிடியே நின்னுரும்."

"நான் இங்கதான் ஈக்கேன்," என்றார் நஜீப் நானா.

"அதேதான் மொதலாளி," என்றாள் அனுஷியா. "கொக்கு ஒரேயடியாத் தள்ளுது. தள்ளுன தள்ளுல ஒடம்பு ஆடுது. அந்தத் தள்ள ரெண்டா வெட்டணும். மொதப் பாதியக் குடுத்தா ஒடம்பு ஒரு பக்கம் சாயும். சாஞ்சி திரும்புறப்ப மத்தப் பாதி. ரெண்டு ஆட்டமும் ஒண்ண ஒண்ணு அடிச்சி அவிச்சிரும். கால் குழியில இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

முதலாளியின் கை மேசையில் நின்றுவிட்டது. "எவ்வளவு நேரம் வாயப் பொத்தணும்?"

"ஒரு செக்கன பதினாறா வெட்டுனா அதுல ஒரு துண்டு."

"ஒரு வீசம்." முதலாளியின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "பாதின்னா சரிபாதியா?"

"இல்ல மொதலாளி. மொத ஆட்டம் தானாவே கொஞ்சம் செத்துருக்கும். அதனால ரெண்டாவது கொஞ்சம் கம்மி."

"நியாயம். ரெண்டாவதா எறக்குறது எப்பவும் கம்மியாத்தான் இருக்கணும்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ சொல்றது விஞ்ஞானம் இல்ல புள்ள. யாவாரம்."

"யாவாரம்தான், ஆனா நாளைக்கி லொறி வருது," என்று ஞாபகப்படுத்தினார் நஜீப் நானா. விரலால் பணக்கட்டை ஒரு தள்ளுத் தள்ளினார். பேச்சில் மயங்கி விலையை மறக்கிற குலம் அல்ல அது.

அனுஷியா அவர் பக்கம் திரும்பினாள்.

"சரி நானா. கொக்க நீங்களே எடுத்துக்கங்க."

பிரேமலதாவின் கையிலிருந்த நாடாச் சக்கரம் தரையில் விழுந்து உருண்டது. முதலாளி வாயைத் திறந்தார். நஜீப் நானா ஒரு பெருமூச்சோடு நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார், முகமெல்லாம் பல். அனுஷியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நானா ஆற அமரச் சாய்ந்து, போதுமான அளவு சந்தோஷப்பட்டு, கட்டை எண்ணிக் கொடுக்க முன்னால் வந்தார்.

"சனிக்கிழம பகல் பன்னெண்டு மணிக்கிப் பொறகு," என்றாள் அனுஷியா.

நானா அந்தரத்தில் நின்றார். பின்னால் போகவும் முடியவில்லை, முன்னால் வரவும் முடியவில்லை. மெஷின் உங்களுக்குத்தான் என்று சொல்லியாயிற்று. ஒன்றரை நாளுக்காகச் சண்டை பிடித்தால் மாவனல்லைக்கே வெட்கம்.

முதலாளி மேசையில் ஓங்கித் தட்டினார். "இப்ப வெளங்கிருச்சி புள்ள! நல்லா வெளங்கிருச்சி! ஆடாம நிக்கிறாரு பாரு!"

"அனே," என்றார் நஜீப் நானா. கட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏன்ட டீய சரி தாங்கோ."

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் அனுஷியா புரோகிராமை மாற்றி முடித்தாள். கொக்கின் ஒவ்வொரு ஓட்டமும் இப்போது இரண்டு தவணையில் நடந்தது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். முன்பு 'டக்' என்று நின்ற கை, இப்போது 'ட-க்' என்றது. நாலாவது மூலையில் வைத்த தேநீர் பூசை வீட்டுச் செம்புத் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. பிரேமலதா பூதக்கண்ணாடிக்குக் கீழே பலகையை வைத்துப் பார்த்துவிட்டு, "சிப்பாய் மாதிரி நிக்கிதுங்க தங்கச்சி," என்றாள். மணிக்கு நாற்பத்திரண்டு தேறியது. இன்னும் கூடத் தேறும். ஆனால் அனுஷியா, எதற்கும் இருக்கட்டும் என்று, கை நின்ற பிறகு சாமானை வைப்பதற்கு முன் ஒரு சின்னக் காத்திருப்பை விட்டுவைத்திருந்தாள். கணக்கில் அதற்கு இடமில்லை. அது பயத்துக்கு வைத்தது.

அன்றிரவு இரத்தினபுரியில் மழை பெய்தது. இரத்தினபுரியில் மழை பெய்தது என்பது செய்தியே இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குத் தராசுக் கம்பனியின் தர அதிகாரி றிஸ்மியா வந்தாள். ஈரக் குடை, கையில் லென்ஸ், கழுத்தில் விசில் மாதிரி தொங்கும் ஸ்டொப் வோச். சிரிப்பதற்குச் சம்பளம் தனியாகக் கேட்பாள் போலிருந்தது. வாசலில் நஜீப் நானா லொறியோடு நின்றார். பன்னிரண்டு மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கே வருவது அவர் பழக்கம். சாமானைக் கண் பார்வையில் வைத்திருந்தால் விலை இறங்குமாம்.

"ஒரு மணித்தியாலம்," என்றாள் றிஸ்மியா. "நாப்பது நல்ல போர்ட். நடுவுல நிப்பாட்டினாலும் வோச் நிக்காது. சரிதானே மிஸ்?"

"சரி மிஸ்," என்றாள் அனுஷியா. வோச் அமுங்கியது.

முதல் பலகை வந்தது. றிஸ்மியா லென்ஸில் கண்ணை வைத்தாள். எடுக்கவில்லை. இன்னும் எடுக்கவில்லை.

"இது சாஞ்சீக்கி. இதும் சாஞ்சீக்கி."

இரண்டாவது பலகையிலும் இரண்டு கோணல். மூன்றாவதில் ஒன்று. அனுஷியா சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கொக்கு நின்றது. வோச் நிற்கவில்லை. அந்த அமைதியில் வெளியே லொறி இஞ்ஜின் ஸ்டார்ட் ஆகும் சத்தம் நன்றாகக் கேட்டது. முதலாளி முதலில் வடக்கே பார்த்துக் கும்பிட்டார், பிறகு கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்.

நேற்று நேராக நின்றது இன்று ஏன் சாய்கிறது? அனுஷியாவின் கை கீபோர்டுக்குப் போனது. வேகத்தைக் குறைக்கலாம். குறைத்தால் எல்லாம் நேராக நிற்கும், இருபத்திரண்டு தேறும், லொறியும் தேறும். கையை எடுத்தாள். கண் தரைக்குப் போனது. வட்டத் தழும்பின் விளிம்பில் மெல்லிய ஈரக் கோடு ஒன்று பளபளத்தது. தரை உள்ளிருந்து வியர்த்திருந்தது.

மழை. ராத்திரி முழுக்கக் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மண் ஊறிவிட்டது. நேற்று இறுகிய மெத்தைமேல் நின்ற கால், இன்று தொளதொளத்த மெத்தைமேல் நிற்கிறது.

போனை மூலையில் வைத்து, கையை ஒரு தடவை ஓட்டி நிறுத்தினாள். கோடு ஆடியது, ஆனால் சோம்பலாக. எட்டு இல்லை. ஏழு.

"மொதலாளி!" அவள் குரல் பட்டறையைத் தாண்டி ரோட்டுக்குக் கேட்டது. "ஆள் மாறிட்டாரு! நேத்து வந்த ஆள் வேற, இன்னிக்கி வந்த ஆள் வேற! இவரு மெதுவாத் தலையாட்டுறாரு!"

"அப்ப கொஞ்சம் கூடுதலா வாயப் பொத்து!" என்று கத்தினார் முதலாளி, கும்பிட்ட கையை இறக்காமலே.

பதினாறில் ஒன்று இருந்த இடத்தில் பதினாலில் ஒன்று. இரண்டாம் தவணையில் இன்னும் கொஞ்சம் கழிவு. தட்டி முடித்து நிமிர்ந்தபோது பன்னிரண்டு நிமிஷம் போயிருந்தது. மிச்சம் நாற்பத்தெட்டு. நல்ல பலகை இன்னும் நாற்பதும் பாக்கி. நேற்றைய வேகத்துக்கு முப்பத்துமூன்றோடு மணி அடித்துவிடும்.

கொடுப்பதற்கு அவளிடம் ஒன்றுதான் இருந்தது. பயத்துக்கு வைத்த அந்தச் சின்னக் காத்திருப்பு. அதை எடுத்துவிட்டால் கொக்குக்குப் பிழை விட இடமே இல்லை. கை நின்ற கணத்திலேயே சாமானை வைத்தாக வேண்டும். ஆட்டம் உண்மையாகவே செத்திருந்தால் வெற்றி. ஒரு மயிரிழை மிச்சமிருந்தால் நாற்பதும் குப்பை. புரோகிராமில் அந்த வரியின்மேல் அவள் விரல் நின்றது. கணக்குச் சரி என்றால் பயம் எதற்கு? கணக்குப் பிழை என்றால் பயம் மட்டும் என்ன செய்துவிடும்?

அழித்தாள். பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

கொக்கு பறந்தது.

அந்த ஓட்டத்தை அது வந்த நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை. 'ட-க், ட-க், ட-க்' என்று தப்பு மேளம் அடிக்கிற கை மாதிரி, தாளம் ஒரு சொட்டுப் பிசகவில்லை. கை கண்ணுக்குத் தெரியாமல் போய் வெறும் நிழலாக ஓடியது. உடம்போ, பாறையில் செதுக்கி வைத்தது மாதிரி கம்மென்று கிடந்தது. முதல் பலகை வெளியே வந்தது. றிஸ்மியா லென்ஸை வைத்தாள்.

"நல்லம்," என்றாள்.

அடுத்தது. "நல்லம்." அடுத்தது. "நல்லம்."

பத்தாவதில் முதலாளி கும்பிடுவதை நிறுத்திவிட்டுக் கொக்கின் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். பதினைந்தாவதில் பிரேமலதா ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே புது நாடாவை ஒட்டி மாட்டினாள். அதை அவள் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. "வா ராசா, தின்னு, தின்னு," என்று கொக்குக்கு ஊட்டினாள். இருபதில் வெளியே லொறி இஞ்ஜின் ஓய்ந்தது. இருபத்தைந்தில் நஜீப் நானா உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக நின்றார்.

"அல்லாஹ்," என்றார் மெதுவாக. "நடுங்கல்ல."

"யாரு?" என்றாள் பிரேமலதா. "மெஷினா, நீங்களா நானா?"

முப்பத்தெட்டு, நல்லம். முப்பத்தொன்பது, நல்லம். நாற்பதாவது பலகையை றிஸ்மியா லென்ஸுக்குக் கீழே வைத்து, திருப்பி, சரித்து, வெளிச்சத்தில் பிடித்து, வேண்டுமென்றே மெதுவாகப் பார்த்தாள். பிறகு வோச்சை அமுக்கினாள். மணி அடிக்க இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது.

"நல்லம்," என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, சிரித்தாள்.

பட்டறை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. பிரேமலதா அனுஷியாவைத் தூக்கியே விட்டாள். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவில் போகிற வருகிறவனையெல்லாம் "தெரியுமா, பாதிய எறக்கிட்டு வாயப் பொத்தணும்!" என்று பிடித்துப் பிடித்துச் சொன்னார். எதிர்க் கடைக்காரர், கடைசியில் இந்த மனுஷனுக்கு மெஷின் பித்துத் தலைக்கேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

"ஒண்டு கேக்கணும்," என்றாள் றிஸ்மியா. "நாளைக்கி வெயில் அடிச்சா? மண் காஞ்சா?"

அவள் கெட்டிக்காரி என்பது அனுஷியாவுக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. "தெனம் காலையில மொதல்ல கொக்க ஒரு குலுக்குக் குலுக்கி, இன்னிக்கி எப்பிடி ஆடுறன்னு கேட்டுட்டுத்தான் வேலைக்கி விடுவோம் மிஸ். வாற வாரத்துக்குள்ள அதுவே கேட்டுக்கிற மாதிரி எழுதிருவன்."

"பயத்துக்கு ஒண்டும் வெக்கல்லயா?"

"வச்சிருந்தேன். எடுத்துட்டேன்."

றிஸ்மியா தலையசைத்தாள், ஒரே ஒரு தடவை, ஆட்டமில்லாமல். ஓடர் கடுதாசியில் கையெழுத்துப் போட்டாள்.

நஜீப் நானா அனுஷியாவை ஓரமாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, கொக்க நீங்களே வெச்சிக்கோங்கோ. மாவனல்லையில ஏன்ட ஸ்டோர்ல ரெண்டு மெஷின் ஈக்கி. ரெண்டும் ஆடுது. குழியில இல்ல, நல்ல தரையிலதான். ஒருக்கா வந்து பாக்கேலுமா? எவ்வளவு எடுப்பீங்க?"

"மெதுவாப் பேசுவோம் நானா," என்றாள் அனுஷியா, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நானா அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "வேணாம், வேணாம், இந்தக் கிழவன்ட செய்யாதீங்கோ," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியாக மெஷினின் திரையில் இருந்த எண்ணிக்கையை றிஸ்மியா தன் தாளில் எழுதும்போது, முதலாளி அவள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். எண் என்றால் அவருக்கு மூக்கு வேர்க்கும்.

"நில்லுங்க மிஸ். நாடாவிலருந்து எடுத்ததுல ஒண்ணு கூடுதலா இருக்கே? அந்த ஒண்ணு எங்க?"

"எங்கயாவது விழுந்துருக்கும் மொதலாளி," என்றாள் அனுஷியா. "எள்ளவிடச் சின்னது. தூசியோட போயிருக்கும்."

"தூசியோட போகட்டும்னு விட்டா கடை நடத்த ஏலுமா?"

முப்பத்தெட்டு இலட்சத்துக்கு மெஷின் வாங்கிய மனுஷன், மடியிலிருந்து கல் பார்க்கிற லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, கொக்கின் காலடியில் முழங்காலில் இறங்கினார். நஜீப் நானாவும், கூட்டாளியாக வந்தால் பங்கு கிடைக்குமோ என்னவோ, மறுபக்கம் இறங்கினார். கோணல் பலகை மூன்றையும் நல்ல பலகை நாற்பதையும் சேர்த்துக் கூட்டி, றிஸ்மியா தாளின் அடியில் எழுதினாள்:

எடுத்தது: ஐயாயிரத்து நூற்று அறுபத்தொன்று.
வைத்தது: ஐயாயிரத்து நூற்று அறுபது.
நிலுவை: ஒன்று.